பந்தை வெட்டிய பிறகு எதை வைத்து நடக்கும்?

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் வீட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எட்டு மாத மினியேச்சர் பின்ஷர் (சுருக்கமாக மின்பின்) நாய்க்குட்டி, மூன்றரைக் கிலோ, இரண்டு மாதமாக வலது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறது. கால்சியம் டானிக்கும் வலி ஊசியும் கொடுத்துப் பார்த்தாயிற்று. இப்போது கோவையில் எக்ஸ்ரே எடுத்து, “இடுப்பு மூட்டுப் பந்து செத்துப்போய்விட்டது, வெட்டி எடுத்துவிடலாம்” என்கிறார்கள். குளிரிலும் படிக்கட்டிலும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எலும்பையே எடுத்துவிட்டால் இது எதை வைத்து நடக்கும், இந்தப் பாடு இதற்குத் தேவையா என்பது எழுதாமல் விட்ட கேள்வி. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சதையை வைத்து நடக்கும். அறுவை செய்பவர் ஒரு மணி நேரத்தில் தன் வேலையை முடித்துவிடுவார். சதையைக் கட்டுவது அடுத்த மூன்று முதல் ஆறு மாதம் உங்கள் வேலை.

நோயின் பெயர் லெக்-கால்வே-பெர்தெஸ். 1910இல் குழந்தைகளிடம் இதைத் தனித்தனியாக விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயர்தான் நாய்க்கும் வந்து ஒட்டிக்கொண்டது. தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்துக்குப் போகும் ரத்தம் நின்றுவிடுகிறது. எலும்பு உள்ளுக்குள் செத்து, உடம்பின் பாரம் தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்குகிறது. பன்னிரண்டு கிலோவுக்கு உட்பட்ட சின்ன ஜாதிகளில், நாலு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் நடுவில் வரும். மின்பின், யார்க்‌ஷயர் டெரியர், டாய் பூடில் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சில ஜாதிகளில் இது பரம்பரையாக வருவது உறுதி. ரத்தம் ஏன் நிற்கிறது என்பதற்கு மட்டும் இன்னும் முடிந்த முடிவு இல்லை. சோபாவிலிருந்து குதித்ததால் வந்ததா, படியில் ஓடவிட்டதால் வந்ததா என்று வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். கால்சியம் குறைந்ததாலும் இது வருவதில்லை. டானிக் குடித்துச் செத்த எலும்பு பிழைக்காது. நல்ல தீவனம் சாப்பிடும் குட்டிக்கு அந்த பாட்டில் வேண்டியதில்லை.

கத்தி வைக்கும் முன் நோய் இதுதானா என்று ஒரு முறை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். சின்ன நாய் பின்னங்காலைத் தூக்கினால் பாதி நேரம் காரணம் முழங்கால் சில்லு. நாலு அடி ஒழுங்காக நடந்து, ஐந்தாவது அடியில் காலை உதறித் தூக்கி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடினால் சில்லு விலகுகிறது என்று பொருள். பெர்தெஸில் அப்படி விட்டுவிட்டு வராது. நொண்டல் வாரக்கணக்கில் மெல்லக் கூடும், தொடை இளைக்கும், காலைப் பின்னால் நீட்டினால் கத்தும் அல்லது கடிக்க வரும். நேற்றுவரை நன்றாக இருந்து, விழுந்ததிலிருந்து திடீரென்று காலை ஊன்றவே இல்லை என்றால் மூட்டு நழுவியிருக்கலாம். அது அவசர வேலை, ஓரிரு நாளுக்குள் பார்த்தால் சில சமயம் வெட்டாமலே ஏற்றிவிடலாம். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கி நொண்டும், ஆனால் அங்கே காய்ச்சலும் சோர்வும் இருக்கும், நொண்டலும் கால் மாற்றி மாற்றி வரும். எக்ஸ்ரேயை நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பின்னங்காலையும் ஒருசேர நேராக நீட்டி, லேசான மயக்கத்தில் எடுத்திருக்க வேண்டும். விழித்திருக்கும் நாயைப் பக்கவாட்டில் அமுக்கிப் பிடித்து எடுத்த படம் போதாது. நோயின் தொடக்கத்தில் படம் சுத்தமாகத் தெரிவதும் உண்டு. உங்கள் குட்டிக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது, பந்தின் வடிவமே கெட்டிருக்கும். படத்தைப் பார்க்காமல், காலைத் தொடாமல் அது எந்தக் கட்டம் என்று இங்கிருந்து சொல்வது சரியாக இருக்காது. சில்லையும் சோதித்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரே காலில் இரண்டும் இருந்தால் பின்னால் செய்யும் பயிற்சியே மாறும்.

வெட்டாமல் ஓய்விலும் மாத்திரையிலும் தேறும் குட்டிகள் உண்டு, ஆனால் மிகச் சிலவே. அதுவும் பந்து நசுங்கும் முன் பிடிபட்டவை. மற்றவை காத்திருக்கும் மாதங்களில் தொடைச் சதையை இழக்கின்றன. தாமதத்தின் உண்மையான விலை அதுதான். தையல்கடை டேப் ஒன்றை எடுத்து, நாயை நிற்கவைத்து, இரண்டு தொடையையும் இடுக்குக்குக் கீழே ஒரே உயரத்தில் சுற்றி அளந்து காலண்டரில் எழுதிவையுங்கள். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் நமக்குப் பெரிதாகத் தெரியாது, மூன்றரைக் கிலோ நாய்க்கு அது பெரிய இழப்பு. வலி இருந்து, படமும் பொருந்தினால், அறுவைக்குச் சம்மதிப்பதே நல்லது என்பது என் கருத்து. செயற்கை மூட்டு சின்ன நாய்களுக்கும் உண்டு. இந்த எடைக்கு அந்தச் செலவும் அலைச்சலும் அவசியமில்லை. பந்தை எடுக்கும் அறுவை நன்றாகப் பலன் தருவதே இருபது கிலோவுக்கு உட்பட்ட நாய்களில்தான். கோவையில் செய்ய வசதிப்படாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரியிலோ இன்னொரு கருத்துக் கேட்கலாம்.

அறுவையில் பந்தையும், அதைத் தொடை எலும்போடு சேர்க்கும் கழுத்தையும் சேர்த்து வெட்டுவார்கள். பந்து பொருந்தியிருந்த இடுப்பெலும்புக் குழியில் உரச எதுவும் இல்லாமல் போகிறது, வலியும் போகிறது. காலி இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து, சுற்றிலுமுள்ள சதை அதை இழுத்துப் பிடித்து, ஒரு போலி மூட்டு உருவாகும். கால் சற்றே குட்டையாகும், பாதத்தையும் முழங்காலையும் கொஞ்சம் நீட்டி நாய் அதைச் சமாளித்துக்கொள்ளும். கால் அசையாமல் கிடந்தால் அந்தத் தழும்பு சுருங்கி இறுகிவிடும். கால் முறிந்து பிளேட் வைத்த நாயை அசையாமல் வைக்க வேண்டும், அதை அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் உங்களுக்கும் அதையே சொல்வார்கள். இங்கே கதை தலைகீழ், கூண்டில் ஆறு வாரம் அடைத்துவைப்பதுதான் இந்த அறுவையைக் கெடுக்கும் நேரான வழி. அறுவை முடிந்த உடனே ஓர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கழுத்தில் ஒரு துண்டு மிச்சமிருந்தால் அது குழி விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும், எந்தப் பயிற்சிக்கும் மசியாது.

அறுவைக்குப் போவதற்கு முன் ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கேட்டுப் பாருங்கள். தேயிலைக்குள்ளும் புல்லுக்குள்ளும் புகுந்து வரும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் இருக்கலாம், தட்டணு குறைந்திருந்தால் மேசையில் ரத்தம் நிற்காது. மூன்றரைக் கிலோ குட்டியை முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணிக்குக் கடைசிச் சாப்பாடு, எதுவரை தண்ணீர் என்று எடையைச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதத்தையும் யோசிக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரிச் சரிவில் மழை அடித்துப் பெய்து பாதையில் மண் சரிந்தால் தையல் பிரிக்கப் போக முடியாது. அந்த மாதங்களில்தான் செய்ய வேண்டும் என்றால், பத்து முதல் பதினாலாம் நாளுக்குள் தையலை உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையிலேயே பிரித்துவிட முடியுமா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

முடிந்தால் அறுவை முடிந்த ராத்திரி கீழேயே தங்கிவிடுங்கள். மயக்கம் முழுதாகத் தெளியாத சின்ன நாய் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. மேட்டுப்பாளையத்து வெக்கையிலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு அதை ஒரே மூச்சில் ஏற்றுவது சரியல்ல. வண்டியில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். கேரட் ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் மூன்றரைக் கிலோவுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். அடியில் கம்பளியை மடித்துப் போட்டு, நாயை அறுவை செய்யாத பக்கமாகப் படுக்கவைத்து, இரண்டு ஓரத்திலும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தால் மலைப்பாதையின் குஞ்சப்பனை வளைவுகளில் உருளாது. வெந்நீர் பாட்டில் வைத்தால் துணியில் சுற்றி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். மயக்கத்தில் இருக்கும் நாய்க்குச் சுட்டாலும் நகரத் தெரியாது.

முதல் இரண்டு மூன்று நாள் குளிர் ஒத்தடம். உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை மெல்லிய துணியில் சுற்றி, தையலைச் சுற்றி பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நாலு முறை. ஊரே குளிராக இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். வீக்கத்துக்குத்தான், மற்ற உடம்பைப் போர்த்திவிட்டே கொடுங்கள். தையலை நக்கவிடாமல் கழுத்துக் கூம்பு பத்து நாளாவது இருக்கட்டும். இரண்டு நாள் நக்கினாலே தையல் பிரிந்துவிடும்.

வலி மருந்து விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். நாய்களுக்குப் பெரும்பாலும் தரப்படுவது மெலாக்சிகாம். முதல் நாளுக்குப் பிறகு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒரு தடவை, சாப்பாட்டோடு. உங்கள் குட்டிக்கு அது 0.35 மில்லிகிராம். மில்லிக்கு 1.5 மில்லிகிராம் உள்ள நாய்ச் சொட்டு மருந்தில் கால் மில்லிகூட வராது. மெடிக்கலில் நமக்குத் தரும் 7.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று இதற்கு இருபத்தோரு நாள் அளவு. எத்தனை நாள் என்பதையும் அளவையும் உங்கள் டாக்டர் எழுதியபடியே வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, சாப்பிட மறுப்பது, தார் போலக் கறுத்த மலம், இதில் ஒன்றைப் பார்த்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள். ஸ்டீராய்டு ஊசி எதையும் இதோடு சேர்க்கக் கூடாது, முன்னால் போட்ட வலி ஊசியின் சீட்டு இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள பாராசிட்டமால், இபுபுரூபன், டைக்ளோஃபெனாக் மூன்றும் கூடாது. டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2006இலேயே தடைசெய்யப்பட்டது. செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் அதனால் செத்தன. இன்று நம் மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளைக் காப்பாற்ற மெலாக்சிகாமைத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள்.

நீலகிரிக்காரர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கால் வலி என்றதும் கை தானாக யூகலிப்டஸ் தைலத்துக்குப் போகும், அதைவிட மோசமாக விண்டர்கிரீன் தைலத்துக்கும் போகும். இரண்டையும் நாயின்மேல் தடவாதீர்கள். விண்டர்கிரீனில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். நாய் அதை நக்கும், ஏற்கெனவே மெலாக்சிகாம் தாங்கிக்கொண்டிருக்கும் வயிற்றில் புண் வரும். யூகலிப்டஸ் எண்ணெயும் உள்ளே போனால் விஷம்.

வீட்டில் முதலில் தரையைப் பாருங்கள். பழைய எஸ்டேட் வீடுகளின் மெழுகிய சிவப்புத் தரையும் புதிய டைல்ஸும் ஒன்றுபோலத்தான் வழுக்கும். ஒரு தடவை கால் அகன்று வழுக்கினால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பயந்து காலைத் தூக்கிவிடும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை, துவைத்த சாக்கையோ யோகா பாயையோ பாதைபோல விரியுங்கள். பாதத்தின் அடியில் வளர்ந்த முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள். படிக்கட்டில் ஆறு வாரம் தூக்கிச் செல்லுங்கள், கட்டில் சோபாவில் ஏறுவதற்கும் அதே கணக்கு. வெளியே ஒன்றுக்குப் போக அழைத்துப் போகும்போது வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து லேசாகத் தாங்கலாம். ஆண் நாய் என்றால் துண்டு ஒன்றுக்குப் போகும் இடத்தை அமுக்காமல் சற்று முன்னால் இருக்க வேண்டும். தாங்குவது விழாமல் இருக்கத்தான், பாரம் முழுவதையும் நீங்களே சுமந்துவிட்டால் கால் வேலை செய்யாது. இருட்டிய பின் தனியாக வாசலில் விடவே வேண்டாம். சிறுத்தை நடமாடும் ஊரில் நல்ல காலுள்ள நாயே தப்புவது கடினம்.

மூன்றாம் நாளிலிருந்து காலை அசைத்துவிடும் பயிற்சி. வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியைத் தொடையில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். குளிரால் அறுவை செய்த இடம் கெடும் என்பதற்குச் சான்று குறைவு. ஆனால் விடிகாலைக் குளிரில் இறுகிய சதையை அப்படியே இழுத்தால் வலிக்கும் என்பதில் சந்தேகமில்லை, அதனால் பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கால் கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். ஒரு கையால் இடுப்பு எலும்பை அசையாமல் பிடித்து, மற்றக் கையை முழங்காலுக்கு அடியில் கொடுத்துத் தாங்குங்கள், பாதத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. முழங்காலை வயிற்றை நோக்கி மெல்ல மடித்து, பிறகு பின்பக்கமாக நீட்டி, போகும் எல்லையில் ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள். இப்படிப் பத்து முதல் பதினைந்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. மடக்குவது எளிதில் வந்துவிடும், எல்லோரும் கோட்டைவிடுவது பின்னால் நீட்டுவதைத்தான். அந்த நீட்டல் போனால் ஆயுசுக்கும் குட்டையாக எட்டுவைத்தே நடக்கும். நாய் கத்தும்வரை காத்திருக்க வேண்டாம். உதட்டை நக்குவது, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பது, தொடை உங்கள் விரலுக்கடியில் கெட்டியாவது, இவைதான் “போதும்” என்பதற்கு அதன் பாஷை. அங்கே நிறுத்தி, அரை விரல் அளவு பின்வாங்கி, மறுபடி செய்யுங்கள்.

நடையும் அதே நாட்களில் தொடங்கிவிடும். கயிற்றில், ஐந்து நிமிடம், நாளுக்கு நாலு தடவை, மிக மெதுவாக. வேகமாகப் போனால் மூன்று காலிலேயே ஓடக் கற்றுக்கொள்ளும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது அறுவையைவிடக் கடினம். எறும்பு வேகத்தில் நடத்தினால் நாலாவது காலை ஊன்றித்தான் ஆக வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் விரல்நுனி தரையைத் தொடும், மூன்றாம் வாரம் கொஞ்சம் பாரம் போடும். தையல் பிரித்த பிறகு, நிற்கும்போது நல்ல பின்னங்காலை மூன்று விநாடி தரையிலிருந்து லேசாகத் தூக்கிப் பிடியுங்கள், பாரம் மற்றக் காலுக்குப் போகும். உட்கார்ந்து எழும் பயிற்சி ஐந்து தடவை, இருபக்கமும் மடங்கிச் சதுரமாக உட்கார்ந்தால் மட்டும் தின்பண்டம். மூன்றாம் வாரத்திலிருந்து உங்கள் ஊரே பயிற்சிக்கூடம். மேடு ஏறும்போது நாயின் பாரம் பின்னங்காலுக்குத் தானாகப் போகும், அந்த வசதி கோவைக்காரர்களுக்கு இல்லை. தேயிலைக்கு நடுவே போகும் சாய்வான வண்டிப்பாதையில் மெதுவாக ஏற்றி, இறக்கத்தில் கையில் தூக்கி வாருங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். மறுநாள் காலை நொண்டல் கூடியிருந்தால் முந்தின வார அளவுக்கு இறங்கிவிடுங்கள். தையல் நன்றாக ஆறியபின் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் முப்பது டிகிரி அளவு வெதுவெதுப்பான தண்ணீரை இடுப்பு உயரத்துக்கு ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் நடக்கவிடலாம். நீந்தட்டும் என்று ஓடைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், விறைத்துவிடும்.

எடையையும் வாராவாரம் பாருங்கள். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. பயிற்சிக்குத் தரும் தின்பண்டத்தைச் சாப்பாட்டு அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். மூட்டுக்கான குளுக்கோசமின் மாத்திரை வேண்டாம். அதன் பலனே சந்தேகத்துக்குரியது, தவிர அந்தப் பக்கம் காப்பாற்றக் குருத்தெலும்பும் இப்போது இல்லை.

காயம் சூடாகி வீங்கினாலும், வாடை அடித்தாலும், நீர் கசிந்தாலும் அன்றே காட்டுங்கள். பாதத்தின் மேல்புறம் தரையில் மடங்கி இழுபட்டால் இடுப்பு நரம்பு பாதித்திருக்கலாம், அதையும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வாரமாகியும் விரல்கூடத் தரையில் படவில்லை என்றால் மூன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்: வலி மருந்து போதவில்லை, பயிற்சி போதவில்லை, எலும்புத் துண்டு மிச்சமிருக்கிறது. ஆறாம் வாரத்தில் ஓரளவு ஒழுங்காக நடக்கும். சதை முழுதாகத் திரும்ப மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஏற்கெனவே இரண்டு மாதம் இளைத்த கால் என்பதால் நீண்ட கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது லேசான நொண்டல் ஆயுசுக்கும் தங்கிவிடலாம், அது வலியால் வரும் நொண்டல் அல்ல. தொடை அளவைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை அதே டேப்பில் எடுங்கள், கண்ணுக்குத் தெரியும் முன் அதில் தெரிந்துவிடும்.

சில குட்டிகளுக்கு இரண்டு பக்கமும் வரும், ஆகவே ஒரு வயது ஆகும்வரை இடது காலிலும் ஒரு கண் இருக்கட்டும். இந்தக் குட்டியை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். அப்பாவும் அம்மாவும் நொண்டாவிட்டாலும் இந்தக் குறையைச் சுமந்துகொண்டு இருக்கலாம், அதனால் குட்டியை விற்றவருக்கு எக்ஸ்ரே நகலை அனுப்பி, அதே ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.